சத்து மாத்திரையும் விடுதித் தட்டும்: உறக்கத்தின் உணவு அரசியல்

தேர்வுக்காலம் நெருங்கும்போது கல்லூரி மாணவர்களின் கைப்பேசித் திரைகளில் ஒரு வகை விளம்பரம் பெருகுகிறது. ஆழ்ந்த உறக்கத்துக்கு மெலடோனின் மிட்டாய், பதற்றம் தணிய அசுவகந்தா, மூளைக்கு மீன் எண்ணெய், மனச்சோர்வு அகல மெக்னீசியமும் பி-குழும உயிர்ச்சத்துகளும் என்று அவை வரிசைகட்டி வருகின்றன. ஒரு மாதத்துக்கான குப்பி ஒன்றின் விலை பல நூறு ரூபாய். தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவருக்கு 2023இல் உயர்த்தப்பட்ட மாத உணவுப்படி 1,500 ரூபாய். நாளொன்றுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் உறக்கத்தையும் மனநலத்தையும் பற்றிய உணவுப் பேச்சை நாம் தொடங்க முடியாது.

சத்து மாத்திரை நல்லதா, முழு உணவு நல்லதா என்ற கேள்வி பொதுவாக நுகர்வோரின் தேர்வாகவே முன்வைக்கப்படுகிறது. தேர்வு செய்யும் வசதி உள்ளவருக்கு அது சரியாக இருக்கலாம். தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைச் சாதியும் அரசும் விடுதி நிர்வாகமும் தீர்மானிக்கும் இடத்தில் அதே கேள்வி வேறொன்றாகிவிடுகிறது. அதை இங்கே இரண்டு படிகளாக ஆராய்வோம். அறிவியல் என்ன சொல்கிறது என்பது முதற்படி. அந்த அறிவியல் நம் தட்டை வந்தடையும் வழியில் என்ன ஆகிறது என்பது அடுத்தது.

மூளை உறங்குவதற்கு எது தேவை?

உறக்கத்தோடும் மனநிலையோடும் தொடர்புடைய வேதிப்பொருள்களை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. மூலப்பொருள் உணவிலிருந்து வர வேண்டும். புரதத்தில் உள்ள டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து செரோடோனின் உருவாகிறது. இருள் சூழ்ந்ததும் செரோடோனினிலிருந்து மெலடோனின் உருவாகி, உடலுக்கு இரவு வந்துவிட்டதை அறிவிக்கிறது. டிரிப்டோபானைச் செரோடோனினாக மாற்றும் நொதி இரும்பு இல்லாமல் இயங்காது. ஊக்கத்துக்கும் அசைவுக்கும் அடிப்படையான டோபமைன் தயாரிப்பிலும் இரும்பு வேண்டும். அடுத்த படிநிலைக்குப் பி6 வேண்டும். நரம்புகளின் உறை சிதையாமல் இருக்க பி12 வேண்டும்.

முட்டை, மீன், இறைச்சி, பால், பயறு, நிலக்கடலை, எள் எல்லாவற்றிலும் டிரிப்டோபான் உண்டு. ஆனால் அது தனியாக மூளைக்குள் நுழைவதில்லை. வேறு பல அமினோ அமிலங்களோடு போட்டியிட்டு, ஒரே வாசல் வழியாகச் செல்ல வேண்டியிருக்கிறது. சோறோ ரொட்டியோ சேர்த்து உண்ணும்போது சுரக்கும் இன்சுலின், போட்டியிடும் மற்ற அமிலங்களைத் தசைகளுக்குள் தள்ளிவிடுவதால் டிரிப்டோபானுக்கு வழி கிடைக்கிறது. படுக்கும் முன் ஒரு குவளைப் பால் குடித்தால் தூக்கம் வரும் என்ற நம்பிக்கைக்கு இதிலிருந்து கிடைக்கும் ஆதரவு மிகச் சிறிது. ஒரு குவளைப் பாலில் உள்ள அளவு பெரிதாக எதையும் மாற்றாது. நாள் முழுவதும் போதிய புரதமும் மாவுச்சத்தும் கிடைத்த உடலுக்கே இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. மாலை ஐந்து மணிக்கு டீயும் பன்னும், இரவுச் சாப்பாடு பிடிக்காததால் மறுபடியும் டீயும் பிஸ்கட்டும் என்று நாளை முடிக்கும் மாணவருக்குப் புரதம் குறைகிறது. போதாததற்கு, டீயில் உள்ள கஃபீன் உட்கொண்ட ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் ஏறத்தாழப் பாதியளவு உடலில் தங்கியிருக்கிறது.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

மூலப்பொருள் டிரிப்டோபான் என்றால், அதையே மாத்திரையாக்கி விழுங்கினால் என்ன? இதை அமெரிக்கா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1980களில் உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் எல்-டிரிப்டோபான் மாத்திரைகள் அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கப்பட்டன. 1989இல் கடும் தசைவலியும் இரத்தத்தில் ஒரு வகை வெள்ளணுக்களின் பெருக்கமும் கொண்ட புதிய நோய் பரவியது. 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 37 பேராவது இறந்தனர். பெரும்பாலான பாதிப்புகள் ஷோவா டென்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த மாத்திரைகளோடு தொடர்புடையவை என்பது பின்னர் கண்டறியப்பட்டது. முட்டையிலும் பயறிலும் அதே டிரிப்டோபானை உண்ட எவருக்கும் இது நேரவில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து, 1994இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், சத்து மாத்திரைகள் பயன் தருவதாகச் சந்தைக்கு வருமுன் மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்தை உற்பத்தியாளர் மீது சுமத்தவில்லை. அதன் விளைவை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே விற்கப்படும் 25 மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்தபோது, 22இன் உள்ளடக்கம் லேபிளோடு பொருந்தவில்லை. அதிகபட்சமாகக் குறிப்பிட்டதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் மெலடோனின் இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. 2017இல் கனடாவில் 31 மெலடோனின் பொருள்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் எட்டில் செரோடோனினும் கலந்திருப்பதைக் கண்டனர். மனச்சோர்வுக்கான மருந்துகளை உட்கொண்டு வரும் ஒருவருக்கு, வெளியிலிருந்து வரும் செரோடோனினோ அதன் முன்னோடியான 5-எச்டிபியோ ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

இந்தியாவில் 2016இன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, இத்தகைய பொருள்களின் மேலுறையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று’ என்ற வாசகம் இருக்க வேண்டும். விளம்பரத்தில் மருத்துவரின் வெள்ளை அங்கி, குப்பியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இந்த வாசகம். நுகர்வோர் இரண்டில் எதைப் படிப்பார் என்பது விற்பவருக்குத் தெரியும்.

தரம் சரியாக இருந்தால் பயன் உண்டா? மனச்சோர்வைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டோரிடம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடத்தப்பட்ட சோதனையில், நாள்தோறும் எடுத்த உயிர்ச்சத்து டி மனச்சோர்வைத் தடுக்கவில்லை. அதே சோதனையில் ஒமேகா-3 மீன் எண்ணெயும் தடுக்கவில்லை; அதை எடுத்தவர்களிடம் மனச்சோர்வு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. ஐரோப்பாவில் நான்கு நாடுகளைச் சேர்ந்த 1,025 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில் ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், உயிர்ச்சத்து டி ஆகியவற்றை ஒன்றாகக் கொடுத்தும் மனச்சோர்வு வருவது குறையவில்லை. மெக்னீசியத்தைப் பற்றி இவ்வளவு பரபரப்பு இருந்தும், முதியோரின் உறக்கமின்மைக்கு அதைச் சோதித்த ஆய்வுகளை 2021இல் தொகுத்தவர்களுக்குக் கிடைத்தவை மூன்றே சோதனைகள். பங்கேற்றவர்கள் மொத்தம் 151 பேர். அவர்கள் சராசரியாக 17 நிமிடம் விரைவாக உறங்கினர். சான்றின் தரமோ தாழ்வானது என்று தொகுத்தவர்களே எழுதினர். கேழ்வரகிலும் கீரையிலும் எள்ளிலும் நிலக்கடலையிலும் தாராளமாக உள்ள ஒரு தாதுவைத் தனியே வாங்குவதற்கு இது போதுமான காரணம் என்று நமக்குத் தோன்றவில்லை.

முழு உணவின் பக்கமுள்ள சான்றையும் மிகைப்படுத்தக் கூடாது. 2017இல் ஆஸ்திரேலியாவில் மிதமானது முதல் கடுமையானது வரையான மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் 12 வாரச் சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்குக் காய்கறி, பயறு, மீன், முழுதானியம், ஆலிவ் எண்ணெய் கொண்ட உணவுமுறைக்கு உணவியலாளர் வழிகாட்டினார்; மற்றவர்களுக்குப் பேச்சுத் துணை மட்டும் கிடைத்தது. முதல் குழுவில் 32 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 8 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டனர். ஊக்கமளிக்கும் முடிவுதான். ஆனால் ஆய்வு சிறியது. யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது அவரவருக்கே தெரிந்திருந்ததால் எதிர்பார்ப்பின் பங்கும் அதில் கலந்திருக்கிறது. முன்பு சொன்ன ஐரோப்பியச் சோதனையில் உணவுப் பழக்கத்துக்கான ஆலோசனையும் தெளிவான பயனைக் காட்டவில்லை. நல்ல உணவு மனநோய்க்கு மாற்று மருந்து என்று எவராவது சொன்னால், மாத்திரை விற்பவரை நம்பாதது போலவே அவரையும் நம்ப வேண்டியதில்லை. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை, கீரை சாப்பிடுகிறேன் என்று சொல்லி நிறுத்துவது ஆபத்தானது.

மாத்திரை வேண்டிய இடம்

இதுவரை பார்த்தவை, பெரும்பாலும் குறைபாடு இல்லாத உடல்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்பட்ட சத்துகள். குறைபாடு உள்ள உடலின் கதை வேறு. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் ‘எல்லாமே உணவால் சரியாகும்’ என்ற இயற்கை வைத்தியப் பேச்சுக்குள் விழுந்துவிடுவோம்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் இது சராசரியைவிடக் கூடுதல். இரத்தசோகையைச் சோர்வு, மூச்சிரைப்பு என்று மட்டும் பார்க்கிறோம். இரும்பு குறையும்போது பலருக்கு உறக்கமும் கெடுகிறது. படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கும்; அசைத்தால் சற்று அடங்கும், அசைவை நிறுத்தினால் மீண்டும் தொடங்கும். நம் வீட்டுப் பெண்கள் ‘கால் குடைச்சல்’ என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வதில் ஒரு பகுதி, மருத்துவத்தில் அமைதியற்ற கால் நோய் எனப்படும் நிலையாக இருக்கக்கூடும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைந்தவர்களிடம் அது அதிகம். அந்த நோயில் ஃபெரிட்டின் 75க்கு மேல் இல்லையென்றால் மருத்துவர்கள் இரும்புச்சத்து கொடுப்பதைக் கருதுகிறார்கள். ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும் ஃபெரிட்டின் தாழ்ந்திருப்பது சாதாரணமாக நடப்பது. நாள் முழுவதும் வயலிலோ கட்டட வேலையிலோ நின்ற ஒரு பெண்ணுக்கு இரவில் கால் குடைந்தால், உழைப்பின் அலுப்பு என்று எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள், அவர் உட்பட.

இந்தக் குறைபாட்டை உணவால் மட்டும் ஏன் சரிசெய்ய முடியாது என்பதற்குக் கணக்கு எளியது. உடல் ஒரு நாளில் உணவிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம். மாதவிடாயோடும் அன்றாடத் தேய்மானத்தோடும் கிட்டத்தட்ட அதே அளவு வெளியேறிவிடுகிறது. ஹீமோகுளோபின் 9க்கு இறங்கிய பெண்ணுக்கு இரத்தத்தையும் சேமிப்பையும் நிரப்பப் பல நூறு மில்லிகிராம் வேண்டும். தட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். மாத்திரை சில மாதங்களில் அதைச் செய்கிறது. அந்த மாத்திரையை விளம்பரத்தில் தேட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் நீல மாத்திரையும், கருவுற்றவர்களுக்கு நாள்தோறும் சிவப்பு மாத்திரையும் அரசுத் திட்டத்தில் உள்ளன. மலம் கருப்பாகும், வயிறு சற்றுப் புரட்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லாததாலேயே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். டீ, காபியோடு சேர்த்து விழுங்காமல், நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் உறிஞ்சுதல் கூடும்.

இரண்டாவது குறைபாடு பி12. இது இயற்கையில் விலங்குணவில் மட்டுமே போதிய அளவில் கிடைக்கிறது. குறைந்தால் கை கால் மரத்துப்போதல், மறதி, எரிச்சல், மனச்சோர்வு, சிலரிடம் மனப்பிறழ்வின் அறிகுறிகள் வரை தோன்றும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் வெறும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து எடுத்தால், இரத்தம் சரியானதுபோல் தோன்றும். நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும். மெட்ஃபார்மின் எடுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் பி12 குறையலாம். பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ கட்டாயம்.

சுவரொட்டியைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

இரத்தசோகை என்று தெரிந்ததும் நமக்குக் கிடைக்கும் உணவு அறிவுரை என்ன? பீட்ரூட், மாதுளை, பேரீச்சை. சிவந்த நிறத்தால் வந்த நம்பிக்கை இது. பீட்ரூட்டிலும் மாதுளையிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு கூட இல்லை. இருப்பதும் தாவர இரும்பு. அதில் சிறு பங்கே உடலில் சேரும். இறைச்சியிலும் இரத்தத்திலும் உள்ள ஹீம் இரும்பில் 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்கிறது. கூடவே, அதே வேளையில் உண்ட சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவதையும் இறைச்சி கூட்டுகிறது. ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டி, ஈரல், பொரித்த இரத்தம், மாட்டிறைச்சி ஆகியவை இரும்பையும் பி12ஐயும் ஒருங்கே தரும் உணவுகள். பிள்ளை பெற்றவளுக்கும் பெரியவளான பெண்ணுக்கும் சுவரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதை நம் பாட்டிமார் எந்த ஆய்விதழையும் படித்து அறிந்துகொள்ளவில்லை. (கருவுற்றவர்கள் மட்டும் ஈரலை அளவோடு உண்ண வேண்டும். அதிலுள்ள உயிர்ச்சத்து ஏ மிகுந்தால் கருவுக்கு நல்லதன்று.)

ஆனால் மருத்துவமனைச் சுவர்ப் படங்களிலும் பாடநூல்களின் சமச்சீர் உணவுப் படங்களிலும் இவை இடம்பெறுவது அரிது. அறிவுரை சொல்பவரின் சமையலறையில் எது இல்லையோ, அது அறிவுரையிலும் இல்லாமல் போகிறது. தலித் சமையலறைகளை எழுதிவைக்கும் வேலையே மிகத் தாமதமாகத் தொடங்கியது. மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் உணவைப் பற்றி ஷாஹு படோளே மராத்தியில் எழுதிய நூல் 2015இல் வந்தது. ஆங்கிலத்தில் வர 2024 ஆயிற்று. எண்ணெயும் நெய்யும் பாலும் எட்டாத வீடுகளில் இரத்தமும் உள்ளுறுப்புகளும் உலர்த்திய மாட்டிறைச்சியும் எப்படி உணவாயின என்பதை அது பதிவு செய்கிறது.

இதைச் சொல்லும்போது பழைய தட்டைப் போற்றிப் பாடும் வேலையையும் நாம் செய்யக் கூடாது. 1927இல் மகாடில் கூடிய மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு அம்பேத்கர் மக்களைக் கேட்டுக்கொண்டார். கிராமம் ஒதுக்கித் தள்ளியதை உண்ணும் கட்டாயத்துக்கு எதிரான குரல் அது. வாங்கி உண்ணும் மாட்டிறைச்சிக்கும், சுமத்தப்பட்ட செத்த மாட்டுக்கும் இடையில் உள்ள தூரம் சுயமரியாதையின் தூரம். இன்று அந்தத் தூரத்தையே அழித்து, ஏழையின் மலிவான புரதத்தைக் குற்றமாக்குகிறார்கள். மராட்டியத்தில் 2015இல் எருது, காளை இறைச்சிக்கும் தடை விரிந்தபோது அங்குள்ள தலித், இஸ்லாமியக் குடும்பங்களின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டதில் இரும்பும் பி12உம் அடக்கம். எடுத்ததற்கு ஈடாகக் குப்பி எதுவும் கொடுக்கப்படவில்லை.

அரசு விழுங்கச் சொல்லும் மாத்திரை

சத்தா உணவா என்ற கேள்வியில் தனிமனிதரைவிடப் பெரிய நுகர்வோர் அரசு. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்ததன்படி, ரேஷனிலும் பள்ளி மதிய உணவிலும் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கத் தொடங்கப்பட்டது. 2028 டிசம்பர் வரை இதைத் தொடர 17,082 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. விதிப்படி ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பும், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12உம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்து கிடைக்கும் பி12 ஏறத்தாழ 0.3 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம் இருக்கிறது; கூடவே ஆறு கிராம் புரதமும் மூளைக்கு வேண்டிய கோலினும் உண்டு. முட்டையில் உள்ள இரும்பு எளிதில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அரிசியில் இரும்பைக் கூட்டலாம்; புரதத்தைக் கூட்டவில்லை. அரிவாளணு நோயும் தலசீமியாவும் உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்பு தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதால், பழங்குடிப் பகுதிகளில் எல்லாருக்கும் ஒரே அரிசி என்ற ஏற்பாட்டை உணவு உரிமை இயக்கத்தினர் தொடர்ந்து கேள்விக்கு உட்படுத்துகின்றனர்.

அரிசிக்குள் மாத்திரையைக் கலக்கப் பல்லாயிரம் கோடி ஒதுக்கும் நாட்டில்தான், முட்டை என்றதும் கதவு சாத்தப்படுகிறது. 2015இல் மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மாவட்டங்களில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் முன்மொழிவை அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சவுகான் நிராகரித்தார். கர்நாடகத்தில் 2021 இறுதியில் கல்யாண கர்நாடகப் பகுதியின் பள்ளிகளில் முட்டை தொடங்கப்பட்டபோது மடாதிபதிகள் எதிர்த்தனர். தமிழ்நாட்டில் 1989இல் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று சத்துணவில் நுழைந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. இதைச் சாதனை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. வளர்ச்சியும் மாதவிடாயும் தேர்வும் ஒன்றுசேரும் வயதில் அந்த முட்டையும் நின்றுபோகிறது.

மேசையில் அமர்தல்

இனி விடுதிக்கு வருவோம். 50 ரூபாய்க் கணக்கில் முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு இரண்டு முட்டை போட்டாலே கால் பங்குக்கும் மேல் போய்விடும். மீதத்தில் எண்ணெய், பருப்பு, காய்கறி, பால், எரிவாயு எல்லாம் அடங்க வேண்டும். ரசமும் சாம்பாரும் நீர்த்துப்போவதற்குச் சமையல்காரரின் கைத்திறன் காரணமன்று. இந்த விடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர்ப்பலகைக்குப் பொருந்தும் தட்டை இனிமேல்தான் கேட்டுப் பெற வேண்டும்.

உயர்கல்வி நிறுவனங்களில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே தட்டு நிறைந்திருக்கலாம். எங்கே அமர்ந்து உண்பது என்பது பிரச்சினை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவகம் ஒன்றில் சைவம், அசைவம் உண்போருக்குத் தனித்தனி நுழைவாயிலும் கைகழுவும் இடமும் குறித்த அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பின் அகற்றப்பட்டன. 2023இல் மும்பை ஐஐடியில் சைவர்களுக்கு மட்டும் என்று மேசைகள் ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து அங்கே அமர்ந்து உண்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மாட்டிறைச்சித் திருவிழா தாக்குதலுக்கு உள்ளானது. 2017இல் சென்னை ஐஐடியில் அதே காரணத்துக்காக ஓர் ஆய்வு மாணவர் கண்ணில் காயம்படும் அளவுக்குத் தாக்கப்பட்டார். டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் உணவுக் கூடத்திலும் ஒதுக்கப்படுவதைத் தோரட் குழு 2007இலேயே அறிக்கையாகக் கொடுத்துவிட்டது.

ஒருவர் தாம் உண்ணும் உணவின் மணம் மற்றவர் மூக்கில் படுமோ என்று அஞ்சி அறைக்குள் உண்பதும், உண்ணாமலே படுப்பதும் மனநலத்தைப் பாதிக்கும். இந்த உறக்கமின்மைக்கு மெலடோனின் என்ன செய்யும்? மெலடோனின் உடலின் கடிகாரத்தை நகர்த்தும். நெடுந்தொலைவு விமானப் பயணத்தால் குழம்பிய உறக்கத்துக்கு அது உதவுவதற்குச் சான்று உண்டு. அவமானத்தால் விழித்திருப்பவரின் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. விடியுமுன் வருகைப்பதிவுக்கு நிற்க வேண்டிய தூய்மைப் பணியாளரின் உறக்கமும் இப்படித்தான். அவருக்குக் குறைவது பணிநேர ஒழுங்கு, வாரவிடுமுறை, கொசு கடிக்காத ஓர் அறை. நீடித்த உறக்கமின்மைக்கு முதலில் அளிக்க வேண்டியது உறக்கத்துக்கென வகுக்கப்பட்ட அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதைத் தமிழில் தரக்கூடிய பயிற்சி பெற்ற ஆலோசகர், நம் அரசுக் கல்லூரிகளில் எத்தனை இடங்களில் இருக்கிறார் என்று மாணவர் அமைப்புகள் கேட்கத் தொடங்கலாம்.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில. மூன்று வாரத்துக்கு மேல் உறக்கம் கெட்டிருந்தால், கால் குடைச்சலோ மரத்துப்போதலோ கடும் சோர்வோ சேர்ந்திருந்தால், குப்பி வாங்கும் பணத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்வது பயனுள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேட்டுப் பாருங்கள். குறைவு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை மாத்திரை. இல்லையென்றால் அசுவகந்தாவும் தேவையில்லை. டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது. வாரத்தில் சில நாட்கள் மத்தியோ நெத்திலிக் கருவாடோ, நாள்தோறும் ஒரு பிடி நிலக்கடலை, முடிந்தபோது முட்டையும் ஈரலும், பாலிஷ் போட்ட அரிசிக்கு இடையிடையே கேழ்வரகுக் களி. இவை மீன் எண்ணெய்க் குப்பியைவிட மலிவு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், உணவையும் மாத்திரையையும் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே ஒருவரிடம் பேச வேண்டும். ஒன்றிய அரசின் டெலி-மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.

விடுதிகளில் இருப்போர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு கேள்விகளை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு அனுப்பலாம்: விடுதிக்கு அங்கீகரிக்கப்பட்ட வாராந்திர உணவுப் பட்டியல் எது; முட்டையும் இறைச்சியும் வாரத்தில் எத்தனை நாள், தலைக்கு எவ்வளவு கிராம்; கடந்த ஆறு மாதங்களில் அவை வாங்கப்பட்டதற்கான பட்டிச்சீட்டுகள்; விடுதி மாணவர்களுக்குக் கடைசியாக ஹீமோகுளோபின் பார்க்கப்பட்ட தேதி. பதில் முப்பது நாட்களுக்குள் வந்தாக வேண்டும்.